இரட்டைப்படை வருஷத்து மீன்

"இது என் வருஷம்," என்றாள் டெல்ஃபின். ஒரு கையில் கத்தி, மறு கையில் பாதி கீறிய மீன். இரண்டையும் கீழே வைக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

படகு கூழாங்கல்லில் உரசி நின்றது. ஆஸ்கர் எஞ்சினை அணைத்துவிட்டு, மச்சினியின் முகத்தைப் பார்க்காமல் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். படகின் நடுவில் இரண்டு கம்பளிகளுக்கும் ஒரு தார்ப்பாய்க்கும் உள்ளேயிருந்து ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது. அது வேர்னாவின் தலை என்று தெரிந்துகொள்ளவே டெல்ஃபினுக்குச் சிறிது நேரம் பிடித்தது. கூடப் பிறந்த அக்காவின் முகம் அத்தனை சிறுத்துப் போயிருந்தது.

"தெரியும்டி. இரட்டைப்படை. அதுக்குத்தான் வந்தேன்," என்றாள் வேர்னா.

"மாமா என்ன சொன்னாரு? உன் வருஷத்துல நீ, என் வருஷத்துல நான்."

"மாமா செத்து எத்தனை வருஷமாச்சு. கோவப்பட்டாருன்னா நானே சமாதானம் சொல்லிக்கறேன். எப்படியும் இந்த வாரம் அவரைப் பாக்கத்தானே போறேன்."

டெல்ஃபினின் கணவன் லைல் கொட்டகைக்குப் பின்னாலிருந்து விறகோடு வந்தவன், படகைப் பார்த்ததும் விறகை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். ஆஸ்கர் அவனுடைய சொந்த அண்ணன். அக்காவும் தங்கையும் அண்ணன் தம்பியைக் கட்டியிருந்தார்கள். ஊர் மொத்தமும் அம்மா வழியில் இரண்டு குலப் பக்கம்: பெண்கள் இருவரும் கழுகுப் பக்கம், ஆண்கள் இருவரும் காக்கைப் பக்கம். அந்தக் கடற்கரையில் கல்யாணம் என்றால் பக்கம் மாறித்தான் நடக்கும். பெண்கள் பேசாமல் போன இருபது சொச்ச வருஷத்திலும் அண்ணனும் தம்பியும் துறைமுகத்தில் ஒன்றாக உட்கார்ந்து காபி குடித்தார்கள். இந்த விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரியும், இரண்டு வீடும் தெரியாத மாதிரி இருந்தது.

"வாங்க அண்ணி," என்றான் லைல், முட்டளவுத் தண்ணீரில் நின்றபடி. "நல்லா இருக்கீங்களா?"

"ரொம்ப நல்லா இருக்கேன், பாத்தா தெரியல? கொழுந்தனாரே, என்னைத் தூக்குங்க. மெதுவா. உங்க அண்ணன் மீன் மூட்டை மாதிரி தூக்கறாரு."

ஆஸ்கர் அப்போதுதான் டெல்ஃபினைப் பார்த்தான். "ரெண்டு நாளா உயிரை எடுத்துட்டா, டெல். ஆஸ்பத்திரிக்கு விமானத்துல போலாம்னா வேணாங்கறா. சாப்பிட மாட்டேங்கறா. மீன் முகாமுக்குக் கூட்டிட்டுப் போ, முகாமுக்குக் கூட்டிட்டுப் போ. நான் என்ன பண்ணுவேன்?"

"ஏனாம்?"

"சொல்ல மாட்டேங்கறா."

டெல்ஃபின் மீனைப் பலகையில் வைத்தாள். ஏன் வந்தாள்? சாகப் போகிறவள் தன் வீட்டுக் கட்டிலை விட்டு, இரண்டு மணி நேரம் படகில் குலுங்கி, தனக்கு உரிமையில்லாத வருஷத்தில் எதற்கு வரவேண்டும்? அவளுக்குக் கோபம் வரவேண்டியது நியாயம். வந்தது என்னவோ அரிப்பெடுக்கிற மாதிரி ஒரு ஆவல்தான்.

பழைய கதை ஊருக்கே தெரிந்ததுதான். அப்போது இரண்டு குடும்பமும் ஒரே முகாமில், ஒரே நேரத்தில் மீன் வெட்டிப் புகைபோட்டுக்கொண்டிருந்தன. குளிர்காலத்துக்கான மொத்த மீனும் புகைக்கொட்டகையில் தொங்கியது. அன்று தீயைப் பார்த்துக்கொள்ளும் முறை டெல்ஃபினுடையது. உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டாள். மீன் கொழுப்பு சொட்டிச் சொட்டித் தீ மேலே எழும்பிக் கொட்டகை மொத்தமும் போயிற்று. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேர்னா கரையில் நின்றுகொண்டு, "இவகிட்ட தீயைக் குடுத்ததுக்கு நாய்கிட்ட குடுத்திருக்கலாம்" என்றாள். அங்கே சொன்னதோடு விட்டாளா? கடையில் சொன்னாள், சர்ச்சில் சொன்னாள், எரிபொருள் போடும் துறையில் சொன்னாள். பிறகு எந்த விருந்தில் அடுப்புப் பற்றவைத்தாலும் யாராவது ஒருவர், "டெல்ஃபினைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்கப்பா" என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். டெல்ஃபினும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள்.

முகாம் அம்மா வழியில் வந்தது. அதற்குத் தீர்ப்புச் சொல்ல அம்மாவின் அண்ணன் பெர்சி மாமாவைத் தவிர வேறு ஆளில்லை. அவர் இரண்டு பெண்களையும் ஓடைக்கரையில் நிறுத்தினார். "இந்தக் கூன்மீனைப் பாருங்க. இந்த வருஷம் வர்றது அடுத்த வருஷம் வர்றதோட மூஞ்சியைப் பாத்ததே இல்ல. ஒரே ஓடை, ஒரே கல்லு. சண்டை உண்டா? உங்களுக்கும் அதேதான். மூத்தவளுக்கு ஒற்றைப்படை, இளையவளுக்கு இரட்டைப்படை. போங்க."

மாமா சொன்னது சரிதான். மற்ற வகைச் சால்மன் கடலிலிருந்து ஓடைக்குத் திரும்ப மூன்று வருஷமோ, நான்கோ ஐந்தோ எடுத்துக்கொள்ளும், அதன் இஷ்டம். ராஜமீன் ஆறு வருஷம்கூடக் கடலில் சுற்றிவிட்டு வரும். கூன்மீனுக்கு அந்தப் பேச்சே இல்லை. இந்த ஆகஸ்டில் முட்டையிட்டுச் செத்தால், குஞ்சுகள் வசந்தத்தில் நேரே கடலுக்குப் போகும். அடுத்த ஆகஸ்டில் அவை எங்கோ நடுக்கடலில். அதற்கடுத்த ஆகஸ்டில்தான் ஓடைவாயில் நிற்கும். அதனால் ஒரே ஓடையில் இரண்டு ஊர். ஒன்று வீட்டிலிருக்கும்போது மற்றது வெளியூரில்.

அக்காவும் தங்கையும் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் மீன் வீட்டில் எதையும் நகர்த்தி வைத்துவிட்டுப் போகாது. இரட்டைப்படை வருஷத்து ஜூலையில் டெல்ஃபின் குடிசையைத் திறந்தால் அடுப்பு திரும்பியிருக்கும். கெட்டில் வேறு ஆணியில் தொங்கும். வேர்னா நெட்டை, மீன் வெட்டும் மேசைக்குக் கீழே நான்கு கட்டை கொடுத்து உயர்த்தியிருப்பாள். டெல்ஃபின் குட்டை, கட்டைகளைப் பிடுங்கி எறிவாள். அடுத்த முறை திறந்தால் கட்டைகள் மறுபடி வந்திருக்கும். இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமலே வாய்ச்சண்டை நடந்தது.

இந்த ஜூலையில் வந்து திறந்தபோது மேசை தாழ்ந்தே இருந்தது. கட்டைகள் மூலையில் அடுக்கியிருந்தன. மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி. போன வருஷம் அக்கா உட்கார்ந்துகொண்டே மீன் வெட்டியிருக்கிறாள் என்று டெல்ஃபினுக்கு அப்போதே புரிந்துவிட்டது. லைலிடம்கூடச் சொல்லவில்லை. அன்று முழுக்க அவளுக்கு எந்த வேலையிலும் மனம் ஓடவில்லை.

அதே நாற்காலியில்தான் இப்போது வேர்னாவை உட்காரவைத்து, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "ஓடைக்குப் போகணும், உன் மீனைப் பாக்கணும்" என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள். டெல்ஃபின் பின்னால் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தான் ஏன் கூடவே போகிறோம் என்று தனக்கே தெரியாமல் நடந்தாள்.

ஓடை நிறைய மீன். கடலிலிருந்து வெள்ளியாக வந்தவை இங்கே பழுப்பும் பச்சையுமாக மாறியிருந்தன. ஆண்மீன்களுக்கு முதுகு கூன் போட்டுத் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பெண்மீன்கள் பக்கவாட்டில் படுத்து வாலால் கல்லை அடித்துக் குழி பறித்தன. முடித்துவிட்டவை கரையோரமாக வாயைத் திறந்து கிடந்தன. கடற்புறாக்கள் முதலில் கண்ணைத்தான் கொத்தின. நாற்றம் ஆளைத் தூக்கியது.

வேர்னா மூச்சை இழுத்து விட்டாள். "ஹா! நாத்தம் அதே நாத்தம்தான்."

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். கடல் தண்ணீர் உள்வாங்குவதற்குள் படகை இழுத்துக் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகிற போக்கில் லைல் மனைவியைப் பார்த்து, சண்டை போடாதே என்று கண்ணால் சொன்னான்.

"உன்னோடது பெருசா இருக்கே," என்றாள் வேர்னா.

"எதைவிட?"

"என்னோடதைவிட. என் வருஷத்துல கூட்டம் ஜாஸ்தி. மீனு சின்னது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிட்டு வரும்." அவள் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தாள். "மேல் குட்டை வரைக்கும் போகுமா?"

"எந்த மேல் குட்டை? விழுந்த மரத்துக்கு அந்தாண்டயா?"

"ஆமா."

"அங்க ஒண்ணுகூடப் போகாது. எல்லாம் இங்கயேதான்."

"நெஜமாவா? என்னோடது அங்கதான் போய் நெருக்கியடிக்கும். இங்க நிக்கறதே கம்மி." வேர்னாவின் கண் பளபளவென்று ஆகியிருந்தது. "முதல் மீன் எப்ப வரும் உனக்கு?"

"ஜூலை கடைசில. ஃபயர்வீட் செடியில பூ கீழேர்ந்து ஏறி உச்சிக்கு வர்றப்ப."

"எனக்கு அதுக்கும் முந்தியே வந்துரும். பூ பாதியில இருக்கறப்பவே." வேர்னா யோசித்தாள். "அப்ப ரெண்டும் வேற வேற ஜனம்தான்டி. மாமா சும்மா சொல்லல."

டெல்ஃபினுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "கரடி?"

"என் வருஷத்துல ரெண்டு குட்டியோட ஒருத்தி வருவா. மூளையை மட்டும் தின்னுட்டுப் போட்டுருவா, பணக்காரி. உனக்கு?"

"ஒரு கிழட்டு ஆம்பளை. எல்லாத்தையும் தின்னுவான்."

"லைல் மாதிரி."

டெல்ஃபின் சிரித்துவிட்டாள். சிரித்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இவ்வளவு லேசில் சிரித்துவிடலாமா? இருபது வருஷத்துக்கு ஒரு வார்த்தை பாக்கியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இவள் கரடியைப் பற்றியும் குட்டையைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தை, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று. அதைச் சொல்லிவிட்டுப் போகமாட்டாளா?

வேர்னா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண்மீன் குழி பறித்துக்கொண்டிருந்தது. வால் நுனி தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"என்னோடது போன வருஷம் பறிச்ச குழியிலதான் இது பறிக்குது," என்றாள். "அந்தக் குஞ்செல்லாம் இப்ப எங்க இருக்கும்?"

"கடல்ல."

"அது தெரியும்டி. கடல்ல எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. வயசு எழுபதாகுது, எத்தனை ஆயிரம் மீன் வெட்டியிருப்பேன். எங்க போயிட்டு வருதுன்னு தெரியாமலே போகப் போறேன், பாரு." வருத்தமாகச் சொல்லவில்லை. நியாயமில்லாத ஒரு விஷயத்தைக் கடைக்காரரிடம் கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு, "குளிருது. புகைக்கொட்டகைக்குப் போலாம்," என்றாள்.

டெல்ஃபின் தனியாகவே தூக்கினாள். கனமே இல்லை. நெட்டை உடம்பு, கால் மட்டும் தரையில் உரசிக்கொண்டு வந்தது. கொட்டகையின் காற்றடிக்காத பக்கத்தில், பலகைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். பலகை இடுக்குகளில் புகை கசிந்தது. உள்ளே கம்பு கம்பாக மீன் தொங்கியது. வெளுத்த இளஞ்சிவப்பு, மேலே இப்போதுதான் மினுங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் புகை வேண்டும்.

"ஒரு துண்டு குடு," என்றாள் வேர்னா.

"சாப்பிட மாட்டேங்கறேன்னு அத்தான் சொன்னாரே."

"ஓடைக்குள்ள வந்த மீனு சாப்பிடுதா? வயித்தைக் கீறிப் பாக்கறோம், ஒண்ணும் இருக்காது. அதை யாரு நச்சரிக்கறா? என்னை மட்டும் சாப்பிடு சாப்பிடுன்னு. சரி, குடு. ருசி பாக்கத்தான்."

டெல்ஃபின் உள்ளே போய், ஓரத்தில் சீக்கிரம் காய்ந்திருந்த ஒரு மெல்லிய துண்டாகப் பார்த்து எடுத்தாள். ஊரில் யாருடைய மீனைத் தின்றாலும் வேர்னா ஏதாவது குறை சொல்லாமல் விட்டதில்லை. துண்டை வாங்கி நுனியைக் கடித்து, முன்பல்லாலேயே வெகுநேரம் மென்றாள்.

"உப்பு தூக்கல்."

"உனக்கு எப்பவும் உப்பு தூக்கல்தான்."

"ஆல்டர் விறகா?"

"பச்சை ஆல்டர். பட்டையை உரிச்சுட்டு."

வேர்னா மென்றதை விழுங்கினாள். தலையைப் பின்னால் சுவரில் சாய்த்துக்கொண்டாள். இடுக்கு வழியாக வந்த புகை அவள் தலைமுடியைத் தொட்டுக்கொண்டு போயிற்று. டெல்ஃபின் காத்திருந்தாள். இப்போது சொல்வாள், இதோ இப்போது என்று அக்காவின் வாயையே பார்த்தாள்.

"அசதியா இருக்குடி," என்றாள் வேர்னா, கண்ணை மூடியபடி. "நான் கொஞ்சம் தூங்கறேன். தீயை நீ பாத்துக்கோ."

டெல்ஃபினுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அதில் கிண்டல் இல்லை, ஒன்றும் இல்லை. தூங்கப் போகிறவளின் முகம், அவ்வளவுதான்.

"சரிக்கா," என்றாள்.

உள்ளே போனாள். தீயைப் பார்த்தாள். ஒரு கட்டையை நகர்த்தினாள். வெளியே வந்து கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மறுபடி உள்ளே போனாள். இப்படி எத்தனை முறை போய்வந்தாள் என்று தெரியாது. ஒரு முறை வெளியே வந்தபோது வேர்னாவின் கையிலிருந்த மீன் துண்டு மடியில் விழுந்திருந்தது. அதைப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும், அதை எடுத்து மறுபடி அக்காவின் விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள்.

லைலும் ஆஸ்கரும் கரையிலிருந்து வந்தார்கள். ஆஸ்கர் மனைவிக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து அவள் காலணியின் கயிற்றை அவிழ்த்தான், பிறகு கட்டினான், மறுபடி அவிழ்த்தான். லைல் போய் ரேடியோவில் ஊருக்குச் சொன்னான்.

ஆகஸ்டு வெளிச்சம் இன்னும் நிறைய மிச்சமிருக்கும்போதே படகுகள் வந்துவிட்டன. முதல் படகிலேயே ரோடா இறங்கினாள். ஆஸ்கருக்கும் லைலுக்கும் மூத்த அக்கா. காக்கைப் பக்கத்தார் செய்யும் சாவு வேலை எதுவும் அவள் வாய் திறக்காமல் நடந்ததில்லை. கழுகுப் பக்கத்தில் சாவு விழுந்தால் கழுகுப் பக்கத்து ஆள் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. குளிப்பாட்டுவது, பெட்டி செய்வது, சமைப்பது எல்லாம் எதிர்ப்பக்கத்து வேலை. துக்கப்படுகிறவர்களின் வேலை உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.

ரோடா ஒரு சுற்றுப் பார்த்தாள். பெண்களை வேர்னாவிடம் அனுப்பினாள். மேசைமேல் பாதி வெட்டிக் கிடந்த மீனை முடிக்க இரண்டு பேரை ஏவினாள். பிறகு புகைக்கொட்டகைக் கதவைத் திறந்தாள். உள்ளே டெல்ஃபின் தீக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"இங்க என்ன பண்ற? எழுந்திரு. போய்க் குடிசையில உக்காரு."

"இல்ல அண்ணி."

"என்ன இல்ல? உன் அக்கா செத்துக் கிடக்கறா. நீ தீ மூட்டிட்டு இருந்தேன்னு நாளைக்கு ஊரு என்னைக் காறித் துப்பும். காக்கைப் பக்கத்துல ஆளே இல்லையான்னு கேப்பாங்க. எழுந்திரு."

"தீயைப் பாத்துக்கோன்னு அக்கா சொன்னா."

"யாரு?"

"வேர்னா அக்கா."

"உன்கிட்டயா?" ரோடா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பொல்லாதவள் இல்லை. ஆனால் கேட்ட விஷயம் அப்படி. "வேர்னாவா? தீயையா?"

வெளியே மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சாவு வீடு என்பதால் சிரிக்கவில்லை. டெல்ஃபினுக்கு முகமெல்லாம் சுட்டது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். சொன்னவள் இனிமேல் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. எழுந்து போய்விடலாம், வழக்கமும் அதுதான். போனால் வேறு யாராவது நன்றாகவே தீயைப் பார்த்துக்கொள்வார்கள். மீன் கெட்டுப்போகாது. அவளுக்குக் கிடைத்தது மட்டும் இல்லாமல் போய்விடும்.

"அசதியில ஏதாவது உளறியிருப்பா," என்றாள் ரோடா, குரலைத் தணித்துக்கொண்டு. "நீயும் அழுதழுது குழம்பியிருக்கே. வா."

"நான் கேட்டேன்," என்றான் ஆஸ்கர்.

எப்போது வந்தான் என்று தெரியவில்லை. ரோடாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். கண் வீங்கியிருந்தது.

"என்ன கேட்டே?"

"அவ சொன்னதை. தீயை டெல் பாத்துக்கட்டும்னு சொன்னா. பக்கத்துலதான் இருந்தேன்."

டெல்ஃபின் அவனைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் இல்லை. ஓடைவாய்க்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், தம்பியோடு படகை இழுத்துக்கொண்டிருந்தான். லைலுக்கும் அது தெரியும். லைல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரோடா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அறுபது வருஷமாகத் தம்பிகளின் பொய்யைப் பார்த்தவள் அவள்.

"சாகறவ வாயிலேர்ந்து வந்துட்டா அப்புறம் நான் யாரு?" என்றாள் கடைசியில். "ஆனா விறகு வேலையை நீ தொடக் கூடாது. தூக்கறது, பொளக்கறது எல்லாம் நாங்க. நீ கையில எடுத்துத் தீயில வை, அவ்வளவுதான். யாராவது கேட்டா ரோடா சொன்னான்னு சொல்லு." போகத் திரும்பியவள், மேலே தொங்கிய மீனை ஒரு பார்வை பார்த்தாள். "எத்தனை நாளாகும்?"

"ரெண்டு நாள்."

"அப்ப ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஊருக்குக் கொண்டுபோறது. மீனைப் பாதியில விட்டுட்டு வந்தோம்னு தெரிஞ்சா அவளே எழுந்து வந்து நம்மளைத் திட்டுவா."

வெளியே சமையலுக்குத் தண்ணீர் சுமக்கத் தொடங்கினார்கள். யாரோ வேர்னாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்கர் கோடாலியை எடுத்துக்கொண்டு போய் ஆல்டர் கட்டைகளைப் பிளந்தான். ஒரு கை நிறையக் கொண்டுவந்து டெல்ஃபினின் வலப்பக்கத்தில், எட்டுகிற தூரத்தில் வைத்தான்.

"அத்தான்," என்றாள் டெல்ஃபின்.

"ம்."

"உங்க வருஷத்து மீன், மேல் குட்டைக்குப் போகும்னு சொன்னா. நெஜமா?"

"ஆமா. தண்ணியே தெரியாது. அடுத்த வருஷம் வந்து பாரேன்." அவன் மிச்சக் கட்டைகளைப் பிளக்க வெளியே போனான்.

மேலே ஒரு மீனிலிருந்து கொழுப்பு ஒரு சொட்டு இறங்கித் தீயில் விழுந்தது. ஒரு சின்ன மஞ்சள் நாக்கு எழும்பியது. கதவுக்கு வெளியே நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டெல்ஃபின் ஒரு பிடி சாம்பலை அள்ளி அதன்மேல் போட்டாள். அது அடங்கிப் புகையாயிற்று.